பேற்று வலியும் வேலூர் டாக்டரம்மாவும்
டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை

மலர்க் குழுத் தம்பிகள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறச் சந்தில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். முன்னாள் மாணவர் சந்திப்பு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் டீச்சர், இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படுகிற மாதிரி இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆசிரமத்துப் பக்கம் குடியிருப்பவள் பகவான் ரமணரைப் பற்றித்தான் எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள் போல. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்தச் சந்திலேயே வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அதனால் நான் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் காலக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து 16 வயதுப் பையன் வேங்கடராமன் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது 1896 செப்டம்பர் 1ஆம் தேதி. அதே சமயத்தில் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் 25 வயதுப் பெண் ஒருத்தி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் நம் பழைய வட ஆற்காடு ஜில்லாவில் பிறந்தவள்தான். படித்து முடித்து அந்த ஜில்லாவுக்கே திரும்பி வந்தாள். இருவரும் அரை நூற்றாண்டுக் காலம், ஒருவர் திருவண்ணாமலையிலும் ஒருவர் வேலூரிலுமாக, ரயிலில் சில மணி நேரத் தொலைவில் வாழ்ந்தார்கள். அவர் உடம்பின் வலியைக் கடந்த நிலையைக் காட்டியவர். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களால் கடக்க முடியாத வலிக்கு, அதிலும் பிள்ளை பெறும் வலிக்கு, ஆள் தேடித் தந்தவர் இந்த அம்மையார்.

இவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் பிறந்த பெண்

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை டாக்டர் ஜான் ஸ்கடர், தாய் சோபியா. அண்ணன்மார்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் குழந்தை என்பதால் வீட்டில் செல்லம்.

ஸ்கடர் குடும்பத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் இருந்த தொடர்பு அதற்கு முன்பே அரை நூற்றாண்டுப் பழையது. தாத்தா, அவர் பெயரும் ஜான் ஸ்கடர்தான், நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1819இல் கப்பலேறியவர். முதலில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் ஏழு பேர் இந்தியாவிலேயே மிஷனரிகளாக வேலை செய்தார்கள். ஊரில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை வாத்தியார் என்பார்களே, அப்படி!

ஆனால் நம் ஐடாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அதற்கும் காரணம் உண்டு. 1876இலிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டையே சூறையாடியது. நம் பாட்டிமார்கள் அவர்களுடைய பாட்டிமார்களிடம் கேட்டுச் சொன்ன பஞ்சம் அது. ஐடா அப்போது ஆறேழு வயதுக் குழந்தை. மெலிந்து கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்து ஊட்டும் வேலை அந்தக் குழந்தைக்கு. அவர்களுக்குக் கையைத் தூக்கவும் தெம்பில்லை. வழியோரங்களில் கிடந்த சின்னஞ்சிறு பிணங்களை அவள் மறக்கவே இல்லை.

பிறகு குடும்பம் அமெரிக்கா போயிற்று. பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள்; ஐடா அங்கேயே தங்கி, மாசாசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் படித்தார். துடுக்கான பெண், விளையாட்டுப் பிரியை. படிப்பு முடிந்ததும் நல்ல இடத்தில் கல்யாணம், சொந்த வீடு, அமெரிக்க வாழ்க்கை என்பதுதான் அவர் போட்டு வைத்திருந்த கணக்கு. இந்தியாவின் வெயிலும் பஞ்சமும் நோயும் இனி வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார்.

1890இல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தார்கள். கொஞ்ச நாள் அம்மாவைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா வந்தார்.

திண்டிவனத்து இரவு

திண்டிவனம் நமக்குத் தெரியாத ஊரா? இங்கிருந்து கீழ்ப்பென்னாத்தூர், செஞ்சி வழியாக பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அந்த ஊரில், அந்தப் பங்களாவில், ஓர் இரவு ஐடா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். கதவு தட்டப்பட்டது.

வந்தவர் படித்த, இளவயது பிராமணர். அவர் மனைவி சின்னப் பெண். தலைப் பிரசவம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வந்து காப்பாற்ற வேண்டும் என்று ஐடாவிடம் கெஞ்சினார். நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள், நானும் கூட வருகிறேன் என்று ஐடா சொன்னார். வந்தவர் தயங்கிப் பின்வாங்கிவிட்டார். அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்க்கும்படி விடுவதற்கு அவர் குல வழக்கம் இடம் தரவில்லை. தலையைக் குனிந்தபடி இருட்டில் நடந்து போனார்.

சற்று நேரத்தில் மறுபடியும் காலடிச் சத்தம். இந்தத் தடவை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் வீட்டிலும் அதே நிலை, அதே வேண்டுகோள். டாக்டர் ஐயா வருவார் என்றதும் அதே மறுப்பு. அவர் போன பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர் வந்தார். அவரும் அப்படியே திரும்பினார்.

அந்த இரவு ஐடா தூங்கவில்லை. பொழுது விடியும் நேரத்தில் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார். மூன்று வீட்டிலும் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடாவைவிட வயதில் சிறியவர்கள்.

அன்றைக்கே அவர் அப்பா அம்மாவிடம் போய், தான் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து இந்தியாவுக்கே திரும்பி வரப்போவதாகச் சொல்லிவிட்டார். கல்யாணக் கணக்கு அத்தோடு முடிந்தது. கடைசி வரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

மருந்து இருந்தது, கை இல்லை

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்த மூன்று பெண்களும் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் சாகவில்லை.

பேற்று வலிக்கு மருந்து 1847லேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் அந்த வருஷம் ஜனவரியில் ஈதரையும், நவம்பரில் குளோரோஃபாரத்தையும் பிரசவத்துக்குப் பயன்படுத்தினார். அங்கேயும் எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. வேதனையோடு பிள்ளை பெறுவது பெண்ணுக்கு இட்ட விதி, அதை மாற்றுவது பாவம் என்றார்கள். சிம்ப்சன் விடவில்லை, வேதத்தை வைத்தே பதில் எழுதினார். 1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணியே தம் பிள்ளை லியோபோல்டின் பிரசவத்தின்போது ஜான் ஸ்நோ என்ற டாக்டரிடம் குளோரோஃபாரம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதிர்ப்புச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. குளோரோஃபாரத்தில் ஆபத்தும் இருந்தது. அளவு தப்பினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் பின்னாளில் அது கைவிடப்பட்டது. ஆனாலும் சிக்கலான பிரசவத்தில், வலியை மறக்கடித்து, ஆயுதம் போட்டுக் குழந்தையை வெளியே எடுக்க அந்தக் காலத்தில் அதுதான் வழி.

சென்னையில் 1844லேயே பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது சேர்ந்த மேரி ஷார்லீப் அம்மையார் 1885இல் கோஷாப் பெண்களுக்கென்றே தனி ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாக இருந்தார். அதுதான் இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

ஆக, மருந்து இருந்தது. ஆயுதம் இருந்தது. திண்டிவனத்தில் படித்த டாக்டரே கூப்பிடு தூரத்தில் இருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்றுதான், பெண்ணின் கை.

நம் ஊர்க் கதைகளும் இதைத்தானே சொல்கின்றன? திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரியில் வெள்ளம், தாய் வரமுடியவில்லை, பெண் வலியால் துடிக்கிறாள். ஈசனே உதவிக்கு வருகிறார். எப்படி வருகிறார்? அந்தப் பெண்ணின் தாய் வடிவத்தில். சிவபெருமானே ஆனாலும் பேற்றறைக்குள் நுழைய வேண்டுமென்றால் பெண்ணாகத்தான் வரவேண்டியிருந்தது! திண்டிவனத்தில் அந்த மூன்று பேருக்கும் தாயுமானவர் கிடைக்கவில்லை.

வேலூரில் ஓர் அறை ஆஸ்பத்திரி

ஐடா 1895இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கடைசி வருஷப் படிப்பை நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899இல் பட்டம் வாங்கினார். கார்னெல் அப்போதுதான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்ட வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு வீட்டில் ஓர் அம்மையாரிடம் திண்டிவனத்து இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்த ஷெல் என்ற வங்கி அதிபர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கூப்பிட்டனுப்பி, காலமான தம் மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தக் காலத்து 10,000 டாலர்!

1900 ஜனவரியில் வேலூர் வந்து சேர்ந்தார். அப்பாவிடம் கூட இருந்து தொழில் பழகலாம் என்று ஐடா நினைத்திருந்தார். ஆனால் அப்பா அந்த வருஷமே காலமாகிவிட்டார். அனுபவமில்லாத இளம் டாக்டர், தனி ஆள். பங்களாவிலேயே ஓர் அறையை மருந்தகம் ஆக்கிக்கொண்டார். ஒரே ஒரு கட்டில். முதலில் ஆட்கள் வரவே பயந்தார்கள். வெள்ளைக்காரப் பெண், வைத்தியம் தெரியுமோ தெரியாதோ என்ற சந்தேகம். வீட்டில் வேலை பார்த்தவரின் மனைவி சலோமிதான் அவருக்கு முதல் உதவியாள். சலோமிக்குத் தாமே வேலை சொல்லிக்கொடுத்துத் தயார் செய்தார். தோழி ஆனி ஹான்காக் அம்மையார் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பழகிக் கூட்டிவந்தார். மெல்ல மெல்லக் கூட்டம் கூடியது. இரண்டே வருஷத்தில் பார்த்த நோயாளிகள் சுமார் 5,000 பேர் என்று கணக்கு.

1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. வேலூர்க்காரர்களுக்கு இன்று ஷெல் என்றால் கண் ஆஸ்பத்திரி. அது தொடங்கியது பெண்களுக்காக, பிரசவத்துக்காக என்பது பலருக்குத் தெரியாது.

மாட்டு வண்டியும் பிரெஞ்சுக் காரும்

ஆஸ்பத்திரி கட்டினால் மட்டும் போதுமா? நடக்கவே முடியாத பிள்ளைத்தாய்ச்சி 20 மைல் எப்படி வருவாள்? கிராமத்துப் பிரசவம் எப்படி நடந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். இருட்டறை, விளக்கெண்ணெய், சுக்குக் கஷாயம், மருத்துவச்சியின் கைப் பழக்கம். நல்லபடியாகப் பிறக்கிற பிரசவத்துக்கு அதுவே போதும். அனுபவமுள்ள மருத்துவச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடுப்பைப் பிடித்துவிட்டு, தைரியம் சொல்லி, எத்தனையோ உயிரை வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி விழாவிட்டாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ அவர்கள் கையில் ஒன்றுமில்லை. நாள் கடந்து, உயிர் ஊசலாடும்போது வண்டி கட்டிக்கொண்டு ஓடிவருவார்கள்.

அதனால் டாக்டரம்மா தாமே கிளம்பினார். 1906இலிருந்து மாட்டு வண்டியில் குடியாத்தம் சாலையில் போக ஆரம்பித்தார். ஊருக்கு ஒரு மரத்தடி. அங்கே வண்டியை நிறுத்தி, மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்து, வந்தவர்களைப் பார்ப்பார். 1909இல் பிரான்ஸ் நாட்டு பூஷோ கார் ஒன்று வந்தது. குதிரையோ மாடோ இல்லாமல் சத்தம் போட்டுக்கொண்டு வண்டி ஓடிவருவதைப் பார்த்துப் பிசாசு என்று ஜனங்கள் வயலுக்குள் ஓடினார்களாம்! கொஞ்ச நாளில் அதே ஜனங்கள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். சாலையோர மருந்தகம் என்ற ஏற்பாடு இப்படித்தான் வேலூரில் பிறந்தது. இன்று கிராமத்துக்கு வாகனத்தில் போய் மருத்துவம் பார்ப்பதெல்லாம் நமக்குச் சாதாரணம். அந்தக் காலத்தில் அது புதுமை.

கூப்பிட்டால் இரவோ பகலோ போவார். கதவு தட்டும் சத்தம் கேட்டால் அவருக்குத் திண்டிவனம்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

பெண்களுக்கொரு மருத்துவப் பள்ளி

எத்தனை வருஷம் ஓடினாலும் ஒருத்தி ஒருத்திதான். இந்தியா முழுக்க எத்தனை திண்டிவனம்! தான் ஒருத்தி டாக்டராக இருப்பது போதாது, இந்த மண்ணின் பெண்களையே டாக்டராகவும் நர்ஸாகவும் ஆக்க வேண்டும் என்ற முடிவுக்கு அம்மையார் வந்தார். அவர் வாழ்க்கையில் இதுதான் பெரிய முடிவு என்பது என் எண்ணம். முதலில் 1909இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. பிறகு மருத்துவப் பள்ளிக்காக வருஷக்கணக்கில் கடிதம், கூட்டம், நன்கொடை என்று அலைந்தார்.

அரசாங்கத்து மருத்துவத் துறைத் தலைவருக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பெண்கள்கூட விண்ணப்பிக்க மாட்டார்கள் என்று நினைத்தார். அனுமதி மட்டும் கொடுத்தார். நூற்றைம்பதுக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன! 1918 ஆகஸ்ட் 12ஆம் தேதி கவர்னர் பென்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். உலக யுத்தம் இன்னும் முடியாத நேரம் அது. எலும்புக்கூடு ஒன்று, நுண்ணோக்கி ஒன்று, புத்தகங்கள் கொஞ்சம், இவ்வளவுதான் சாமான்கள் என்பார்கள்.

ஆண்களோடு போட்டியிட்டு அரசாங்கத் தேர்வு எழுத வேண்டும். மாகாணத்தில் தேறுகிறவர்களே குறைவு, உங்கள் பெண்கள் தேறாவிட்டால் மனம் உடைய வேண்டாம் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்தார்கள். 1922இல் முதல் அணியில் பரீட்சை எழுதியவர்கள் 14 பேர். தேறியவர்களும் 14 பேர்! நம் கல்லூரியில் ரிசல்ட் பலகை முன்னால் முண்டியடித்து நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த நாளின் சந்தோஷம் புரியும்.

பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. தோட்டப்பாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. பாகாயத்தில் கல்லூரி வளாகத்துக்கு நிலம் வாங்கினார்கள். 1928இல் காந்தியடிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சோதனையும் வந்தது. 1938இல் அரசாங்கம் பழைய மருத்துவ டிப்ளமோ படிப்பை நிறுத்தி, எல்லோரும் பட்டப் படிப்பாக மாற்ற வேண்டும் என்றது. அதற்கு இன்னும் கட்டடம், இன்னும் பேராசிரியர்கள், இன்னும் பணம். எழுபது வயதை நெருங்கிய அம்மையார் மறுபடியும் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் சேர்த்தார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் மற்ற மிஷன்களின் உதவியும் கிடைக்கும் என்ற யோசனை வந்தபோது அவருடைய நெருங்கிய ஆதரவாளர்களே எதிர்த்தார்கள். பெண்களுக்காகத் தொடங்கியது பெண்களுக்கே என்றார்கள். அம்மையாருக்கும் மனசுக்குள் வேதனை இருந்திருக்கும். ஆனாலும் கல்லூரி மூடப்படுவதைவிட இது மேல் என்று ஒத்துக்கொண்டார். 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். அதே காலத்தில் பொறுப்பு இந்தியக் கைக்கு மாறியது. இயக்குநராக வந்தவர் டாக்டர் ஹில்டா லாசரஸ், பிரசவ மருத்துவத்தில் பெயர் பெற்றவர், நம் நாட்டுப் பெண்!

கடைசி நாட்கள்

அம்மையார் 1946இல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் தங்கினார். தோட்டம், டென்னிஸ், பார்க்க வருகிற பழைய மாணவிகள் என்று நாட்கள் போயின. எழுபது வயதுக்கு மேலும் டென்னிஸ் ஆடினாராம், இளைஞர்களே தோற்றுப் போவார்களாம். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் ஒன்று சரியாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்று இன்றும் வேலூரில் பெருமையாகச் சொல்வார்கள். 1960 மே மாதம், 89ஆம் வயதில் கொடைக்கானலில் காலமானார். அமெரிக்காவில் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண், பிறந்ததும் தமிழ்நாடு, மறைந்ததும் தமிழ்நாடு.

2000ஆம் ஆண்டு அவர் தொடங்கிய மருத்துவமனையின் நூற்றாண்டுக்கு இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. 2022இல் அவர் பிறந்த ராணிப்பேட்டைக்கு அருகிலேயே அந்த மருத்துவமனையின் புதிய வளாகம் வந்திருக்கிறது.

இன்று வலிக்கு என்ன வழி?

மாணவ மாணவியருக்காக இதையும் எழுதுகிறேன். வாழ்க்கை வரலாற்றில் இது எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

முதல் வழி மருந்தே இல்லாத வழி. வலி எடுத்ததும் படுத்துக் கிடக்காமல் நடப்பது, இடுப்பைப் பிடித்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம், மூச்சை நிதானமாக விடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பிக்கையான ஒரு துணை பக்கத்திலேயே இருப்பது. துணை இருந்தால் பிரசவம் சுலபமாகிறது என்பதை ஆராய்ச்சியாளர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணைக் கூட வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, வாயு. நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்தது. தாயே முகமூடியைப் பிடித்து இழுக்க வேண்டும். வேலை செய்ய அரை நிமிஷம் பிடிக்கும் என்பதால் வலி தொடங்கும்போதே இழுக்க ஆரம்பிக்க வேண்டும். வலி முழுதும் போகாது, மட்டுப்படும். சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும்.

மூன்றாவது, பெத்திடின் போன்ற ஊசிகள். வலியின் கூர்மை குறைந்து தூக்கக் கலக்கம் வரும். பிறக்கப் போகும் நேரத்துக்கு மிக அருகில் போட்டால் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம். ஆகவே நேரம் பார்த்துத்தான் போடுவார்கள்.

நான்காவது, எபிடியூரல். கீழ் முதுகில், தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியாக மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். இருக்கிற வழிகளில் வலியை நன்றாகக் குறைப்பது இதுதான். தாய் முழு நினைவோடு இருப்பாள். ரத்த அழுத்தம் இறங்கலாம், கால் கனக்கலாம், சிலருக்குப் பின்னால் தலைவலி வரலாம், கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளலாம். அதனால் மயக்க மருத்துவரும் இடைவிடாத கவனிப்பும் வேண்டும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆனால் இதனால் சிசேரியன் கூடுகிறது, ஆயுசுக்கும் முதுகு வலி வரும் என்று பேசிக்கொள்வதை ஆராய்ச்சிகள் ஏற்கவில்லை. சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில் போடுவது ஸ்பைனல் என்ற வேறு ஊசி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எதுவுமே வேண்டாம், நான் தாங்கிக்கொள்கிறேன் என்கிற பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் இப்படி வழிகள் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் கதை

இப்போது சொந்தக் காரணத்துக்கு வருகிறேன். நம் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியையாகப் போனவள் நான். நரம்பு மண்டலப் பாடத்தைப் பிளஸ் டூ வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்தியவள். வலி எப்படி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். 1988இல் என் தலைப் பிரசவத்தில் 19 மணி நேரம் துடித்தபோது, அந்த வலிக்கு ஏதாவது கொடுக்க முடியுமா என்று கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கத்தியதற்குத் திட்டு வாங்கினேன். ஊர் உலகத்தில் பெறாததையா நீ பெறுகிறாய் என்று கேட்டார்கள். அதுதான் நியாயம் என்று நானும் நம்பினேன்.

போன வருஷம் என் மகள் ஏழாம் மாதத்தில் போன் செய்து, எபிடியூரல் போட்டுக்கொள்ளலாமா அம்மா என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. வேண்டாம், நாங்கள் எல்லாம் அது இல்லாமல்தான் பெற்றோம், இடுப்பு போய்விடும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளும் பதில் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, பழைய புத்தகங்களை ஒழுங்குபடுத்தும்போது ஐடா அம்மையாரின் வரலாறு கையில் அகப்பட்டது. திண்டிவனத்து இரவை மறுபடியும் படித்தேன்.

அந்த மூன்று கணவன்மாரும் கெட்டவர்கள் இல்லை. மனைவி மேல் பிரியம் இல்லாதவனா நடுராத்திரியில் உதவி தேடி ஓடிவருவான்? பழகிப்போன ஒன்று அவர்கள் காலைக் கட்டியிருந்தது. அவ்வளவுதான். நானும் அப்படித்தான் என் மகளின் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பட்டப் படிப்பு படித்தவள், டீச்சர், தாய்!

அன்றைக்கே போன் செய்தேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் கேள், உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய், நான் வந்து கூட இருக்கிறேன் என்றேன். எபிடியூரல்தான் எடுத்துக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை ரத்த அழுத்தம் இறங்கியது, நர்ஸ் உடனே கவனித்துச் சரிசெய்தார். சில மணி நேரம் கால் கனத்தது. மற்றபடி, பிள்ளை பிறக்கும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். பேத்தி பிறந்து ஆறு மணி நேரத்தில் எழுந்து நடந்தாள். என் தலைமுறையில் நான் இப்படி ஒரு பிரசவத்தைப் பார்த்ததில்லை.

தம்பி தங்கைகளே! உங்களில் பலர் நாளைக்குக் கணவனாக, தாயாக, மாமியாராக, டாக்டராக, நர்ஸாகப் பிரசவ அறை வாசலில் நிற்பீர்கள். உள்ளே இருப்பவள் கேட்பதற்குக் காது கொடுங்கள். முடிந்தால் ஏழாம் மாதத்திலேயே டாக்டரிடம் விசாரித்து வையுங்கள். வலி எடுத்த பிறகு கேள்வி கேட்க நேரம் இருக்காது. ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.